ருபார்ப்புக்கு வெட்டிய குழி

லேயாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று மகள் றொஷினி சொன்ன நாளிலிருந்து யோசெப் அந்த வீட்டில் காலடிச் சத்தம் கேட்காமல் நடக்கத் தொடங்கினார்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் இந்தக் கியூபெக் புறநகரான கர்க்லாண்டுக்கு வந்தவர். அதற்கு முன்னர் நகருக்குள் சென்ட் லோரன்டில் ஒரு மருந்து ஆலையில் இரவு வேலை: தொட்டி கழுவுவது, தரை துடைப்பது. லேயா பிறந்தபோது குழந்தைகளைப் பராமரிக்கிற எந்தக் கார்டரியிலும் இடம் கிடைக்கவில்லை. றொஷினி தொலைபேசியில் அழுதாள். யோசெப் மறு கிழமையே வேலையை விட்டுவிட்டு ஒரு சூட்கேசோடு வந்து மகளின் பேஸ்மென்ட் அறையில் குடியேறினார். அந்த வேலையை விட்டதற்காக ஒருவரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. தேவைப்படுகிற மனிதனுக்கு நன்றி எதற்கு?

செப்டெம்பரோடு அந்தத் தேவை முடிகிறது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தார். மனைவி கத்தரின் இறந்த பிறகு தனி அறையில் சில காலம் இருந்து பார்த்தவர் அவர். அடுப்புக்கு முன்னால் நின்றபடி சட்டியிலிருந்தே அள்ளித் தின்றதும், ஒருவரோடும் ஒரு சொல் பேசாமல் ஒரு கிழமை முழுக்க ஓடிப்போனதும் நினைவிருந்தது. அதற்குத் திரும்பிப் போக அவர் தயாராக இல்லை. ஆகவே தன் கோப்பையோடு மற்றவர்களின் கோப்பைகளையும் கழுவி வைத்தார். குப்பை வாளியைச் சொல்லுமுன்னரே தெருவோரம் உருட்டிக்கொண்டு போனார். இருமல் வந்தால் குளியலறைக்குள் போய் இருமினார்.

ஏப்ரல் கடைசியில், பனியெல்லாம் கரைந்து புல் சப்பையாகக் கிடந்த ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் றொஷினி அந்தக் கதையை எடுத்தாள். அவள் புருஷன் மத்தியூ கியூபெக்காரன். அவனுடைய தாய் லிஸ் ஜோலியெட்டில் தனியே இருந்தாள். அந்த வீட்டை விற்கப் போகிறார்களாம். வீடு போனாலும் பரவாயில்லை, பின்வளவில் நிற்கிற ருபார்ப் போகக் கூடாது என்கிறாளாம் மனுஷி. அது அவளுடைய தாயின் கையால் நட்டது. மத்தியூ சின்ன வயதில் அந்தத் தண்டை முறித்துச் சீனியில் தொட்டுத் தின்று வளர்ந்தவன். கிழங்கைக் கிண்டி இங்கே கொண்டுவந்து நடுவதற்கு ஓர் இடம் வேண்டும்.

“உங்களுக்குத்தானே அப்பா மண் வேலை தெரியும். ஒரு நல்ல குழியா வெட்டித் தாங்கோவன்” என்றாள் றொஷினி.

அது என்ன மாதிரிப் பயிர் என்று யோசெப் கேட்டார். மத்தியூ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவான பிரெஞ்சில் விளக்கினான். அது பெருந்தீனி தின்னும். நல்ல கொழுத்த மண் வேண்டும், ஆழமாக. இலை நஞ்சு, தண்டைத்தான் தின்பது. நட்ட வருஷம் ஒன்றையும் முறிக்கக் கூடாது. அடுத்த வருஷம் கொஞ்சம் முறிக்கலாம். மூன்றாம் வருஷத்திலிருந்து இருபது வருஷம் நின்று தரும். ஒருமுறை வைத்த இடத்திலிருந்து ஆட்டக் கூடாது. ஆகவே குழியைத் தொடக்கத்திலேயே சரியாகச் செய்துவிட வேண்டும்.

யோசெப் தலையாட்டினார். படியிறங்கித் தன் அறைக்குப் போனபோது கால்கள் இலேசாக இருந்தன. நாளைக்குக் கலைத்துவிடப் போகிற மனிதனிடம் யாராவது இருபது வருஷத்துப் பயிருக்குக் குழி வெட்டச் சொல்வார்களா? அவர் பிறந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. போகச் சொல்ல நினைத்தால் வேலை சொல்வதை நிறுத்துவார்கள். வாளியைக் கையிலிருந்து வாங்குவார்கள். தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசுவார்கள். வேலை சொன்னால் இரு என்று அர்த்தம். அன்றிரவு அவர் வாய்விட்டே இருமினார்.

அடுத்த நாளே இடம் பார்த்தார். வளவில் நல்ல வெயில் விழுகிற இடம் ஒன்றுதான் இருந்தது, தெற்கு வேலியோரம். அது அவர் ஒவ்வொரு கோடையும் பச்சைமிளகாயும் கத்தரியும் வைக்கிற பாத்தி. ருபார்ப்புக்கு அவ்வளவு வெயில் தேவையில்லை, கொட்டில் பக்கமாக வைத்தாலும் வளரும் என்று மத்தியூ சொல்லிப் பார்த்தான். யோசெப் கேட்கவில்லை. இருக்கச் சொன்னவர்களுக்கு இருப்பதில் நல்லதைக் கொடுக்காமல் எதைக் கொடுப்பது? ஜன்னலோரம் தயிர்க் கோப்பைகளில் முளைக்கப் போட்டிருந்த மிளகாய்க் கன்றுகளைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் கிழவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பிறகு வெட்டத் தொடங்கினார். மேலே ஒரு சாண் அளவுக்கு அவர் ஐந்து வருஷமாகப் பண்படுத்திய கறுப்பு மண். அதன் கீழே களி. சவள் அலகைக் காலால் மிதித்து இறக்கினால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிற சாம்பல் நிறக் களி. களிக்குள் வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன சாமான்கள்: உடைந்த செங்கல், சுவர்ப் பலகைத் துண்டு, வளைந்த ஆணிகள், மூடி போட்டபடியே ஒரு கோப்பிக் குவளை. மேலே பச்சைப் புல்லை விரித்துவிட்டால் கீழே என்ன கிடந்தால் யாருக்கு என்ன. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார். தொடை ஆழத்துக்குப் போனபோது முழங்கால் பிசகியது. துணி கட்டிக்கொண்டு தொடர்ந்தார்.

இளவாலையில் அவருடைய மாமன் புகையிலைக்குக் குழை தாழ்ப்பது இப்படித்தான். பூவரசங்குழையை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கிடங்கில் போட்டு மிதித்து மண் மூடுவார்கள். அந்த வேலையை யோசெப் மனதார வெறுத்தவர். முதுகு முறிகிற வேலை, முடிவில் ஒரு சுருட்டு. அதிலிருந்து தப்பத்தான் ஊரை விட்டு ஓடினார் என்றும் சொல்லலாம். ஆனால் ஆழமான குழியை எப்படி நிரப்புவது என்று அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பூவரசுக்குப் பதில் மேப்பிள். அயலவர்கள் இலையுதிர் காலத்தில் காகிதப் பைகளில் கட்டித் தெருவோரம் வைத்த சருகுகளைப் போன வருஷம் சேர்த்துக் கொட்டிலுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தார். பனிக்கடியில் கிடந்து அது பாதி உக்கி, தேயிலைச் சக்கை மாதிரி ஆகியிருந்தது. அதை அடியில் கொட்டிக் குழிக்குள் இறங்கி மிதித்தார். மத்தியூ வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்துச் சிரித்தான். திராட்சை மிதிக்கிறீர்களா என்று கேட்டான். யோசெப்பும் சிரித்தார்.

எருவுக்கு வான் பிடித்துத் தந்ததும் றொஷினிதான். கடையில் விற்கிற ஆட்டெருப் பை பத்தாது, பழைய குதிரை எரு வேண்டும் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவள் அருளம்பலத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அருளம்பலம் யோசெப்போடு மருந்து ஆலையில் தரை துடைத்தவர். வயதில் இளையவர், இப்போது பழைய வான் ஒன்றில் விளம்பரத் தாள் போடுகிறவர். றொஷினி தொலைபேசியோடு மேல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு நீண்ட நேரம் பேசினாள். மகள் ஒரு எருவுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாள் என்பதில் யோசெப்புக்குப் பெருமை.

சனிக்கிழமை யோசெப்பும் அருளம்பலமும் நகரம் இருக்கிற தீவைத் தாண்டி மேற்கே ஒரு குதிரைப் பண்ணைக்குப் போய், உள்ளே புழு நெளிகிற, மணமே இல்லாத கறுத்த எருவைப் பைகளில் அள்ளி வான் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார்கள். போகிற வழியிலும் வருகிற வழியிலும் அருளம்பலம் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார். வளவுக்கு வந்து குழியின் விளிம்பில் நின்ற பிறகுதான் வாய் திறந்தார்.

“என்னண்ணை, ஆரைப் புதைக்க இவ்வளவு ஆழம்?”

“உம்மைத்தான். குப்புறக் கிடத்தினா நல்ல பசளை.”

அருளம்பலம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நகருக்குள் வில்லரேயில் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார். வயது போனவர்களுக்கென்றே கட்டிய கட்டடம், லிஃப்ட் இருக்கிறது, கோயில் இரண்டு தெரு தள்ளி, ஞாயிறு தமிழ்ப் பூசை, கீழே இறங்கினால் மரக்கறிக் கடை. ஒரு மனிதன் நிம்மதியாக இருக்கலாம் என்றார். சொல்லிவிட்டு யோசெப்பின் முகத்தைப் பார்க்காமல் சவளின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏன், மனிசி கலைச்சுப்போட்டாவோ உம்மை?” என்றார் யோசெப்.

“எனக்கில்லையண்ணை.”

“பின்னை ஆருக்கு?”

அருளம்பலம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் றொஷினி நின்றாள். அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, “சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்” என்று அடுத்த பையை இறக்கப் போய்விட்டார். எல்லாம் இறக்கியானதும் தேத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. யோசெப்புக்கு அந்த மனிதனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டில் ஏதோ பிரச்சினை போலும், சொல்ல வெட்கப்படுகிறான் என்று நினைத்தார். தனக்கு அந்த நிலை இல்லை என்பதில் ஒரு சின்னச் சந்தோஷமும் பட்டார்.

குழி நிரம்பியது. சருகு, அதன் மேல் உடைத்துக் காயவைத்த களி, எரு, மறுபடி சருகு, மறுபடி எரு, இறால் கோது கலந்த கம்போஸ்ட், எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய பழைய மிளகாய்ப் பாத்தி மண். களிக்கட்டிகளைக் கையாலேயே நசித்தார். நகத்துக்குள் போன கறுப்பு சவர்க்காரத்துக்கும் போகவில்லை. மழை ஒன்று பெய்து மண் அமர்ந்ததும் மறுபடி மேலே போட்டு மேடாக்கினார். கையை விட்டால் மணிக்கட்டு தாண்டித் தடையில்லாமல் இறங்கியது. மே மாத நீண்ட வார இறுதிக்கு எல்லாம் தயாராக இருந்தது.

லிஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மத்தியூ போய் ஏற்றி வந்தான். எழுபது தாண்டிய மனுஷி, அகன்ற தோள், ஒரு கையில் ஊன்றுகோல். மற்றக் கையால் ஒருவரையும் தொடவிடாமல் ஈரச் சாக்கில் சுற்றிய கிழங்கை ஒரு வாளிக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். யோசெப்புக்கு ஒரு போன்ஜூர் சொல்லிவிட்டு நேரே பாத்திக்குப் போனாள். ஊன்றுகோலை வேலியில் சாத்தி, மெல்ல மெல்ல முழங்காலிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளிப் பொத்திப் பிடித்து விரித்தாள். அது கட்டியாக நின்றது. விரலால் தட்டினாள், உதிர்ந்தது. மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள். தன் தாயின் வளவில் கூட இப்படி ஒரு மண் இருந்ததில்லை என்றாள். யோசெப் நிமிர்ந்து நின்றார்.

லேயா தகப்பனை இழுத்துக்கொண்டு ஊஞ்சலுக்குப் போனாள். லிஸ் பாத்தியையும் வீட்டையும் மாறிமாறிப் பார்த்து, பேஸ்மென்டின் சின்ன ஜன்னலைக் காட்டினாள். கட்டிலில் படுத்தபடியே ருபார்ப்பின் இலை தனக்குத் தெரியும் இல்லையா என்று கேட்டாள். ஆலையில் கற்ற பிரெஞ்சு யோசெப்புக்கு. தவறாக விளங்கிக்கொண்டேனோ என்று நினைத்து, எந்தக் கட்டில் என்று கேட்டார். அவள் சிரித்தாள். இப்போது உன் கட்டில், யூலை முதலாம் திகதியிலிருந்து என் கட்டில் என்றாள். பிறகு கரிசனையோடு கேட்டாள்: வில்லரேயில் உனக்குக் கொடுத்திருக்கிற இடத்தில் பல்கனி இருக்கிறதா? பல்கனி இருந்தால் தொட்டியில் மிளகாய் வைக்கலாமே.

இருக்கிறது என்றார் யோசெப். எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி உள்ளே போனார்.

றொஷினி சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் குழாயைத் திறக்கவில்லை.

“வில்லரேயில எனக்கு எத்தினையாம் மாடி?”

கத்தி நின்றது. அவள் முகத்தில் முதலில் வந்தது குற்றவுணர்வு அல்ல, எரிச்சல்.

“அருளம்பலம் அங்கிள் உங்களுக்குச் சொல்லேல்லையே?”

“அவன் எரு கொண்டந்தவன்.”

“நான் அவரைக் கூப்பிட்டதே அதுக்குத்தானப்பா. பக்குவமாச் சொல்லுறன் எண்டு சொன்னவர்.”

அவள் கத்தியைக் கீழே வைத்து, தாழ்ந்த குரலில் விறுவிறு என்று அடுக்கினாள். லிஸ் மாரியில் இரண்டு தரம் விழுந்துவிட்டாள். ஒருமுறை விடியும் வரை குளியலறைத் தரையில் கிடந்தாள். மத்தியூ ஒரே பிள்ளை. வேறு அறை இல்லை. வில்லரே இடம் எளிதில் கிடைக்கிற இடம் அல்ல, வரிசையில் பெயர் போட்டு எவ்வளவு காலம்.

“அப்ப கன காலமா யோசிச்சிருக்கிறியள்” என்றார் யோசெப்.

அவள் வெட்டிய வெங்காயத்தைக் கையால் ஓரமாக ஒதுக்கினாள்.

“நான் விழேல்லை. அதுதான் என்ரை பிழை.”

“அப்பிடிக் கதைக்காதேங்கோ. உங்களுக்கு இஞ்சை என்ன கிடக்கு? பஸ் இல்லை, கோயில் இல்லை, கதைக்க ஒரு சனமில்லை. கர்க்லாண்ட் செத்தவீடு மாதிரி எண்டு நீங்கள்தானே எந்த நாளும் சொன்னனீங்கள்?”

உண்மைதான். எந்த நாளும் சொன்னார். சோற்றுக்கு உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரி, மகளோடு பேச ஒரு பேச்சு வேண்டுமே என்று சொன்னார். அவள் அதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நினைக்கவில்லை.

“என்னட்டை நேர சொல்லியிருக்கலாமே, பிள்ளை.”

“எப்பிடியப்பா சொல்லுறது? வீட்டை விட்டுப் போங்கோ எண்டு பெத்த தகப்பனுக்குச் சொல்ல வாய் வருமே?”

“குழி வெட்டச் சொல்ல வந்ததே.”

வெங்காயத்தாலோ வேறு எதனாலோ அவளுடைய கண் கலங்கியிருந்தது. புறங்கையால் துடைத்தாள். அழுவாள் என்று அவர் ஒரு கணம் எதிர்பார்த்தார். அழுதால் எதையாவது மாற்றலாம். அவள் அழவில்லை. யூலை வரைக்கும் இருக்கிறது, ஒரு அவசரமும் இல்லை, சாமான் ஏற்ற மத்தியூ வருவான், ஞாயிற்றுக்கிழமைகளில் லேயாவைக் கூட்டி வருவோம் என்றாள். பிறகு கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள். அது முன்னையதை விடப் பொடியாக விழுந்தது.

யோசெப் கை கழுவாமலே வளவுக்குத் திரும்பினார்.

எல்லோரும் பாத்தியைச் சுற்றி நின்றார்கள். மத்தியூ கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். லிஸ் சாக்கை அவிழ்த்தாள். கிழங்கு ஒரு தேய்ந்த குதிரைக் குளம்பு மாதிரி, மண்நிறமாய், சுருக்கம் விழுந்து இருந்தது. அதன் உச்சியில் சிவந்த மொட்டுகள் முட்டிக்கொண்டு நின்றன. அதுதான் கண், மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அளவுக்கு மேல் போகக் கூடாது, போனால் அழுகிவிடும் என்று அவள் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு கிழங்கை யோசெப்பிடம் நீட்டினாள். மண்ணைச் செய்தவனே நடட்டும் என்றாள்.

அவர் மண்டியிட்டார். முழங்கால் குத்தியது. நடுவில் கையை விட்டார். மண் விலகி வழி கொடுத்தது. கிழங்கை வைத்தார். வைத்த இடத்தில் நிறுத்தாமல் அழுத்தினார். இரண்டு விரல், நாலு விரல், ஒரு சாண். உள்ளங்கையில் அந்தச் சிவந்த மொட்டு ஒன்று முறிவது தெரிந்தது. இன்னும் அழுத்தினார். எருப் படை வரைக்கும் இறக்கிவிட்டு மண்ணை இழுத்து மூடி, இரண்டு கையாலும் மேலே தட்டிச் சமப்படுத்தினார். மத்தியூ படம் எடுத்தான். லேயா கை தட்டினாள். கோடை முழுக்க ஒன்றும் முளைக்காது. முதல் வருஷம் அப்படித்தான் என்பார்கள். அதற்குள் அடியில் எல்லாம் அழுகி, புழு தின்று, அவர் சேர்த்த எருவோடு எருவாகிவிடும். வில்லரேயில் எத்தனையாம் மாடியில் இருந்தாலும் அந்தச் செய்தி ஒருநாள் வந்து சேரும்.

லிஸ் மகனையும் பேத்தியையும் தண்ணீர்க் குழாயை இழுத்து வரச் சொன்னாள். அவர்கள் வீட்டின் மூலையில் மறைந்ததும் யோசெப்புக்கு எதிரே மண்டியிட்டாள். வலது கையை முழங்கை வரைக்கும் பாத்திக்குள் விட்டாள். அந்தக் களி பழைய களியாகக் கிடந்திருந்தால் அவளுடைய வயதுக்கு ஒரு கையால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இந்த மண்ணில் பாலுக்குள் கை விடுவது போல விட்டாள். கிழங்கைப் பிடித்து மேலே தூக்கினாள். முறிந்த மொட்டைக் கிள்ளி எறிந்தாள். மற்றவற்றின் மேல் இரண்டு விரல் அளவு மண்ணை இழுத்துவிட்டு, முஷ்டியால் சுற்றிவர இறுக்கினாள். எல்லாம் ஒரு நிமிஷ வேலை.

அவர் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் ஒரு வழியாக இருந்திருக்கும். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி வசவுதான், ஆலை அதைத்தான் முதலில் கற்றுக் கொடுத்தது. அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். தவறு செய்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை கூட இல்லை அது. எல்லாம் விளங்கிய ஆளின் பார்வை. பிறகு வேலியைப் பிடித்து எழும்பினாள்.

மத்தியூ குழாயோடு வந்தான். ஒழுங்காக நட்டாகிவிட்டதா என்று கேட்டான்.

“யோசெப் மிக நன்றாக நட்டான்” என்றாள் லிஸ், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அந்தப் பொய்தான் அவரை அடித்தது. மகள் வாய் திறக்காமல் இருந்தது, சிநேகிதன் வாய் திறக்காமல் போனது எல்லாவற்றையும் விட, இந்த வெளியாள் அவருக்காக வாய் திறந்தது. இனி அவளுக்கு அவர் கடன்பட்டவர். அவருடைய கட்டிலில் படுத்துக்கொண்டு, அவருடைய ஜன்னலால் அவருடைய மண்ணில் முளைக்கிற இலையைப் பார்த்துக்கொண்டு, அவள் இதை ஒருவருக்கும் சொல்லாமல் சாகும் வரை வைத்திருப்பாள்.

குழாயை அவர் கையில் கொடுத்தார்கள். தண்ணீர் விட்டார். மண் குடித்தது. போதுமான அளவு குடித்துவிட்டது என்று தெரிந்தும் விட்டுக்கொண்டே நின்றார். பாத்தியின் மேல் தண்ணீர் தேங்கி, சருகுத் துண்டுகள் மிதக்கத் தொடங்கின. உள்ளேயிருந்து றொஷினி சாப்பிடக் கூப்பிட்டாள். மத்தியூவும் லேயாவும் போனார்கள். அவர் அசையவில்லை.

லிஸ் ஊன்றுகோலைத் தட்டித் தட்டிச் சுவரடிக்குப் போய்த் தண்ணீரைப் பூட்டினாள். யோசெப் வெறுங்குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.